மேலும் வாசிக்க

எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ்.
எண்பத்தையாயிரம் ரூபாய்.
மில்லிமீற்றருக்கு ஆயிரம் என்று
புடவைக்கடையில் அளந்து கிழித்த மாதிரி விலை.

எடுத்த எடுப்பில்
‘கடைசி விலை என்ன’ என்று கேட்கிற ஆள் இல்லை நான்.
அப்படிக் கேட்ட பதினொரு பேருக்கும் விற்காமல்
என் பழைய பிளாஷ் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

ஆகவே, பெயரைப் பார்த்து
‘அஸ்ஸலாமு அலைக்கும்’ அனுப்பினேன்.
என் பெயரைப் பார்த்து
‘வணக்கம் அக்கா’ வந்தது.
மற்றவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
இருவரும் உட்கார்ந்தோம்.

மறுகா தொடங்கினேன்.
மூடி இல்லையே தம்பி.
ஹூட்டில கீறல் தெரியுதே.
பெட்டி இருக்கா? பில்?
நீங்க ஓட்டமாவடி, நான் ஆரையம்பதி,
பஸ் காசும் சேருமே.
அறுபத்தைந்தில் நிற்கலாம் என்ற கணக்கில்
ஐம்பத்தைந்து என்று போட்டேன்.

நீலச் சரி இரண்டும் விழுந்தன.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
அடுப்பில் பால் வைத்தவள் போல
மூன்று புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘சரி அக்கா.’

அவ்வளவுதான்.
‘உங்களுக்காக’ என்று ஒரு பொய்,
‘வேற ஆக்களும் கேட்டவங்க’ என்று இன்னொரு பொய்,
நின்று நின்று இறங்கவேண்டிய படிகள் எல்லாம் அப்படியே கிடக்க
ஒரே தாவலில் கீழே வந்து நின்றான்.
அன்றிரவு நித்திரை இல்லை.
களவு லென்ஸோ?
நாற்பத்தைந்து கேட்டிருக்கலாமோ?
கூடநேரம் இருந்தது இரண்டாவது யோசனைதான்.

செங்கலடிச் சந்தி. பேக்கரி வாசல். சனிக்கிழமை பத்து மணி.
இன்ஸாபின் சேட்டுப் பையில் விரலளவு ரோச்.
விற்கிறவனே ரோச் கொண்டுவந்ததை
அன்றுதான் கண்டேன்.
அடித்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தம்,
ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை.
கமெராவில் பூட்டி, எதிரே
வத்தகப்பழம் வெட்டுகிறவரின் முகத்தில் போகஸ் வைத்தேன்.

கர்ர்.

சோற்றில் கல் கடிபட்ட சத்தம்.

‘என்ன தம்பி இது?’
‘மண் அக்கா. பாசிக்குடாவில விழுந்த.
போட்டிருந்தனே.’

போனை நீட்டினான்.
நாலு வரி விளம்பரம். அதன்கீழ்
சாம்பல் நிறத்தில் ‘மேலும் வாசிக்க’.
அழுத்தினான்.
விழுந்த திகதி, புகுந்த மண்,
திருத்துகிறவர் கேட்ட கூலி,
வீடியோக்காரருக்குச் சரிவராது என்பது வரை
கடிதம் போல எழுதியிருந்தான்.

‘நீங்க அதை விட்டுட்டு மூடி, பெட்டி எண்டு கேட்டீங்க.
பெரிய குறையை மரியாதைக்குப் பேசாம விடுறீங்க
எண்டு நினச்சன்.
அதான் நானும் ஒண்டும் சொல்லல்ல.’

செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
ஒரு பாரைக்குட்டி வாங்காதவள் நான்.

இன்னும் ஐந்து குறை என்று வாய்வரை வந்தது.
பிளேன்ரீயை ஊற்றி உள்ளே அனுப்பினேன்.
மூன்று தரம் எண்ணிக் கொடுத்தேன்.
ஒருதரமும் எண்ணாமல்
சேட்டுப் பையில் வைத்தான், ரோச்சுக்குப் பக்கத்தில்.

போன கிழமை புளியந்தீவில் ஒரு சேர்ச் கல்யாணம்.
‘சம்மதமா’ என்று குருவானவர் கேட்டு
பொம்பிளை வாய்திறக்கும் முன்னிருந்த அமைதியில்
கர்ர்.
முன்வரிசை முழுக்கத் திரும்பியது.
படம் நல்ல படம்.
திரும்பிய முகம் ஒன்றுகூட ஆடவில்லை.

நேற்று பிளாஷுக்கு ஒரு மெசேஜ்.
வணக்கம் இல்லை, சலாம் இல்லை.
‘கடைசி விலை?’
பன்னிரண்டாவது ஆள்.
விரல் வழக்கமான இடத்துக்குப் போய்
நின்றது.
‘முழுக்க வாசிச்சீங்களா?’ என்று கேட்டேன்.

நீலச் சரி இரண்டும் விழுந்துவிட்டன.
எழுதுகிறார், நிறுத்துகிறார்,
எழுதுகிறார்.