ஒரு பங்கு

கிழக்கு கேலரியின் கூரை ஒழுகுகிறது என்று
மார்ச்சில் முதல் கடிதம் போட்டோம்.
"உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது."
அதே பதில் மூன்று முறை வந்தது.
மூன்றாவதில்
ஆஷ்த்வெய்ட் டவுன் என்ற பெயரிலேயே எழுத்துப்பிழை.

பதாகை பிடித்தோம்.
ஒரு சனிக்கிழமை, இருபது நிமிடம்
மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றோம்.
அந்த மாதத்தின் ஒரே கோல்
அப்போதுதான் விழுந்தது.
டெஸ்மண்டுக்கு இன்னும் ஆறவில்லை.
முதலாளி அன்று ஊரிலேயே இல்லை.

மாரீன் ஓல்ட்ராய்ட் பஸ் டிப்போவில் கணக்கு எழுதுகிறவள்.
"சங்கு ஊதினது போதும்,
கணக்குக்குள்ளே நுழைவோம்" என்றாள்.

இறந்துபோன கசாப்புக்கடைக்காரரின் மகன்
அலமாரிக் காகிதத்துக்கு அடியில் கிடந்த பங்குப் பத்திரத்தை
நான்கு பவுண்டுக்குக் கொடுத்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஒரு பங்கு, மாரீன் பெயரில்.
இனி ஆண்டுக் கூட்டத்துக்கு
அவளை அழைத்தே ஆக வேண்டும்.

ஓட்டல் அறை. பிஸ்கட். ஒன்பது நாற்காலி.
"பங்குதாரர்கள் ஏதேனும் கேட்கிறீர்களா?"
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார் முதலாளி.
மாரீன் எழுந்தாள்.
பேச்சை மனப்பாடம் செய்திருந்தாள், வரவில்லை.
பையிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்து
மேஜைமேல் வைத்தாள்.
முக்கால்வாசி, துருப்பிடித்த தண்ணீர்.
"நூற்றுப் பதினாலாம் இருக்கை.
பிற்பாதி மட்டும்."

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

நடவடிக்கைக் குறிப்பு, பக்கம் நான்கு:
'பங்குதாரர் ஒருவர் தண்ணீர் சமர்ப்பித்தார்.'

கூரை இன்னும் ஒழுகுகிறது.
இப்போது
அவர்கள் ஏட்டிலும்.