மீதி

மூடுபனி இறங்கியதும் அளவை நின்றது.
கருவிக்கும் என் கையிலிருந்த கண்ணாடிக் கம்புக்கும் நடுவே
நாற்பது மீட்டர்தான்.
அதைக் காணவில்லை.
விமலசூரிய ஐயா கருவிக்குக் குடை பிடித்துக்கொண்டு
நனைந்தபடி வந்தார்.

பிரட்டுக்களத்துக் கொட்டிலில் ஒதுங்கினோம்.
பதிமூன்றாம் துண்டு எலிசம்மாவும்
பதினாலாம் துண்டு கதிர்வேலும்
ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள்.
ஒரு முழ மண்ணுக்காகப் பங்குனியிலிருந்து பேச்சில்லை.

ஐயாவின் தங்கை இருப்பது ஜாக்சன்வில்.
"பெரிய ஊருங்களா?"
தவசிக்கு மழை நேரத்தில் எதையாவது கேட்க வேண்டும்.
ஐயா போனில் அந்த ஊரின் எல்லைக்கோட்டைப் பிடித்து இழுத்து
நம் மாவட்டத்தின் மேல் வைத்தார்.

ஹற்றன் மறைந்தது.
தலவாக்கலை, கொத்மலை, ராகலை,
வலப்பனையின் வயல்கள்,
நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடல், எல்லாம் உள்ளே.
அப்படியும் அடங்காமல்
பதுளைப் பக்கம் இருநூறு சதுரக் கிலோமீட்டர்
கால் நீட்டிப் படுத்திருந்தது
ஒரேயொரு ஊர்.

"நியூயோர்க்கை வைங்க" என்றேன்.
அதில் பாதிகூட இல்லை.
படத்தில் பார்த்த அத்தனை உயரமும்
இடம் பற்றாமல் எழும்பியதுதானோ என்னவோ.
சான் பிரான்சிஸ்கோ இன்னும் சின்னது:
பதினாறு துண்டு சேர்ந்தால்தான் ஒரு ஜாக்சன்வில்.
"பேர் மட்டும் நீளம்" என்றார் கதிர்வேல்.
எலிசம்மா சிரித்துவிட்டு
சிரித்தது யாருக்கென்று நினைவு வந்து
சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தவசி சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டான்.
வீட்டுக்கு ஏழு பேர்ச்.
றோட்டு வேண்டாம், ஆற்றை விடு, கோயிலும் வேண்டாம்.
ஜாக்சன்வில்லில் ஒரு கோடியே ஒன்பது லட்சம் துண்டு வரும்.
"நம்ம சனம் எல்லாத்துக்கும் குடுத்தாலும் மிஞ்சுதே ஐயா,
மிச்சத்துக்கு யாரப் போடுறது?"
ஐயாவுக்குத் தமிழ் பாதிதான் வரும்.
"மாடு" என்றார்.
அங்கே காடும் சதுப்பும்கூட ஊர்க் கணக்கில்தானாம்.
முதலைக்கும் நகர முகவரி.

எனக்கு நகரமில்லை, மேட்டு லயம்தான் ஞாபகம் வந்தது.
பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா,
ஆறு பேர்.
அப்பா புரண்டால் கடைசியில் படுத்த நான்
இஸ்தோப்புக்குப் போய்விடுவேன்.

மூன்று மணிக்குப் பனி கிழிந்தது.
கம்பை நட்டேன். ஐயா கண்ணை வைத்தார்.
இருவருக்கும் சரியாக ஏழு.
கூடவுமில்லை, குறையவுமில்லை.
ஆனால் இரண்டுக்கும் நடுவில்
முழ அகலம், இருபத்திரண்டு மீட்டர் நீளம்,
யார் கணக்கிலும் வராமல் ஒரு கீற்று.
நடுவே கறிவேப்பிலை மரம்.
பழைய படத்தில் யாரோ கோட்டைத் தடிப்பாக இழுத்திருக்கிறார்கள்.
பூச்சியம் தசம் நான்கு பேர்ச்.
அநேகமாக எங்கள் காம்பரா.

"இதுக்கு என்ன பேர் எழுத?"
"சான் பிரான்சிஸ்கோ" என்றான் தவசி.
ஐயாவும் பென்சிலால் எழுதிவிட்டார்.

இந்தத் தோட்டத்தின் பெயர் எங்கள் வாயில் சரியாக வந்ததே இல்லை.
எங்கிருந்தோ வந்த ஒருவன்
தன் ஊர் ஞாபகத்தில்
இப்படியொரு மழை நாளில் எழுதியதாக இருக்கலாம்.
அவனுக்கு மட்டும் யாரும் அழிறப்பர் கொடுக்கவில்லை.

ஐயா அழித்தார்.
"உரிமையாளர்" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.
சாய்த்துப் பார்த்தால்
கடதாசியில் எழுத்தின் பள்ளம் தெரிகிறது.

கருவியைப் பெட்டியில் வைக்கும்போது
எலிசம்மா மரத்தடியில் நின்றாள்.
எந்தப் பக்கமும் பார்க்காமல் கேட்டாள்:
"ரெண்டு இணுக்கு ஒடிக்கலாமா?"

கதிர்வேல் என்ன சொன்னார் என்று தெரியாது.
நான் அடுத்த துண்டுக்குக் கம்போடு ஏறிக்கொண்டிருந்தேன்.