மூன்றாம் எண்ணிக்கை

கேப்பர் மலையிலிருந்து இறங்கும் சாலையில்
ஒரு முந்திரித் தோப்பு இருந்தது, நான் உள்ளே போகும்போது.
இப்போது டைல்ஸ் கடை.
அதைப் பற்றித்தான் முதலில் பேசினார்
மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற நத்தானியேல்,
எக்ஸ்எல் வண்டியை உதைத்துக்கொண்டே.
யாரைக் குத்தினாய், ஏன் குத்தினாய்,
ஒன்றும் கேட்கவில்லை.
"ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்கு.
போலீஸ் நின்னா நீ இறங்கி நடந்துடு."
போலீஸ் என்ற சொல்லுக்குப் பின்
கொஞ்ச தூரம் இருவரும் பேசவில்லை.

ஓல்டு டவுனில், மீன் ஏலக் கொட்டகைக்கு இந்தப் பக்கம்
சபைக்குச் சொந்தமான வீடு. மூன்று கட்டில்.
ஒன்றில் பண்ருட்டிக்காரர், செக் மோசடி,
ராத்திரி பூரா இருமல்.
ஒன்றில் யாருமில்லை. திரும்ப உள்ளே போய்விட்டானாம்.
அவன் சோப்பு டப்பா இன்னும் ஜன்னலில்.
எறியக் கூடாது என்று எப்சிபா அக்கா உத்தரவு.

முதல் வாரம்
மூடிய கதவுகளுக்கு முன்னால் நின்றபடியே இருந்தேன்,
யாராவது திறப்பார்கள் என்று.
கக்கூஸ் கதவுக்கு முன்னாலும்.
"தள்ளுப்பா," என்றார் பண்ருட்டிக்காரர்,
"தள்ளினா திறக்கும்."

சிப்காட்டில் மூன்று கம்பெனி ஏறி இறங்கினேன்.
ஒன்பது வருஷம் என்ன செய்தாய் என்றார்கள்.
நெய்தேன் என்றேன். பொய்யில்லை.
எங்கே நெய்தாய் என்றார்கள்.
கடைசியில் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை.
ஐஸ் எதையும் கேட்கவில்லை.

ஞாயிறு, மஞ்சக்குப்பம் கோயிலில் கடைசி பெஞ்சு.
நான் பக்கம் தேடி எடுப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும்.
எப்போது ஞானஸ்நானம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டாலும் எனக்குத் தெரியாது.
முன்னால் உட்காரும் அம்மாள்
கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவார்.
தப்பில்லை. நானும் மாற்றியிருப்பேன்.

அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த வாரம்
பொருளாளர் சற்குணத்தின் கண்ணாடி உடைந்துபோனது.
"உட்காரு, எண்ணு," என்றார் நத்தானியேல்.
"நானா?"
"உள்ளே அரிசிக் கணக்கு நீதானே பார்த்தே?"

காணிக்கைப் பைகளை மேசைமேல் கவிழ்த்தார்கள்.
அடியில் ஏலம் போகாத ஒரு பூசணிக்காய், காலில் இடித்தது.
சில்லறை. பத்துகள். மீன் வாசனை அடிக்கிற இருபதுகள்.
மடித்து மடித்துச் சுண்டுவிரல் நகமாகிவிட்ட ஒரு நூறு.
மூவாயிரத்து நானூற்று அறுபது என்றேன்.
ஒவ்வொரு நோட்டையும் மூக்குவரை கொண்டுபோய்
சற்குணமும் எண்ணினார்:
மூவாயிரத்து நானூற்று நாற்பது.

ஃபேன் சுற்றுகிற சத்தம்.

என் சட்டைப்பையில் ஓர் இருபது இருந்தது.
பஸ்ஸுக்கு. என்னுடையது.
அதை எந்த மொழியில் சொல்வது?

எழுந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.
கைகள் தாமாக மேலே போயின,
கால்கள் அகன்றன,
முகம் சுவருக்குத் திரும்பிற்று.
சுவரில் போன வருஷத்துக் காலண்டர்,
வசனத்துக்குக் கீழே மருந்துக்கடை விளம்பரம்.

எப்சிபா அக்கா எழுந்து வந்தார்,
என்னிடம் அல்ல, மேசைக்கு.
விரலில் எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.
கடலூரில் இருந்த நேரமெல்லாம் அதற்கே செலவானது.

"மூவாயிரத்து நானூற்று ஐம்பது."

சற்று நேரம் யாருக்கும் புரியவில்லை.
சற்குணம்தான் முதலில் சிரித்தார்.
"மூணு பேருமா சேர்ந்து கர்த்தரைக் குழப்புறோம்!"
நத்தானியேல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில்
அடுக்கியிருந்த சில்லறையெல்லாம் சரிந்தது.
அக்கா சிரிக்கவில்லை.
"கையைக் கீழே போடு கலியமூர்த்தி,
டீ ஆறுது."

உடனே இறங்கவில்லை கை.
இடது முதலில். வலது, டம்ளரைப் பார்த்த பிறகு.

எந்தத் தொகையை எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை.
திரும்புகையில் பஸ்ஸில் அந்த இருபதை நீட்டினேன்.
கண்டக்டர் மீதியைத் தராமல் முன்னால் போனார்.
கேட்டேன்.
எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி,
சத்தமாகவே கேட்டேன்.