ஐந்தாம் தொட்டி

பெரும்போகம் முடிந்த மாசி.
சம்மாந்துறையில் அரிசி ஆலைகள் எல்லாம்
ஒரே இரவில் இருமுகின்றன.
வளத்தாப்பிட்டிப் பக்கமிருந்து வந்த உழவு மெசின்கள்
மூட்டைகளோடு வாசலில் வரிசை.
பதினொன்றரைக்கு இஸ்ஸதீன் முகாமையாளரின் அழைப்பு:
"சிவப்பு நாட்டுக்குள்ள கீரிச்சம்பா கிடக்கு, உடனே வாங்க."

போனேன்.
எட்டுத் தொட்டிகள்.
ஒன்று மூன்று ஐந்து ஏழு,
அடித்தகரம் தெரியக் காலி.
இரண்டு நான்கு ஆறு எட்டு,
வாய் வழிய அரிசி.
வீரமுனைக் குலேந்திரன் சாக்கில் வாரிக்கொண்டே சொன்னார்:
"அஞ்சை அமத்தினா ஆறு துறக்குது.
ஆறை அமத்தினாலும் ஆறுதான் துறக்குது.
மறுகா நான் என்ன செய்ய?"

பெட்டியைத் திறந்தேன்.
பதினாறு காலுள்ள கறுப்புப் பூச்சி ஒன்று
பச்சைப் பலகையில் படுத்திருக்கிறது.
மூன்று கம்பிகள் அதனிடம் போகின்றன.
எட்டுக் கம்பிகள் வெளியே வருகின்றன.
மூன்றுக்கும் தெரிந்த பேச்சு உண்டு, இல்லை; அவ்வளவுதான்.
மூன்று உண்டு இல்லைகளை எட்டு விதமாய் அடுக்கலாம்,
அடுக்குக்கு ஒரு கதவு.
உள்ளே ஞாபகம் என்று எதுவும் கிடையாது.
ஒரு நொடிக்கு முன் எதைத் திறந்தாய் என்று கேட்டால்
அதற்குத் தெரியாது.

குலேந்திரன் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்.
அது பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது.
அவருடைய ஐந்து அதற்கு நான்கு:
உண்டு, இல்லை, இல்லை.

மீற்றரின் சிவப்பு முனையால்
எட்டு வாசலையும் தொட்டுப் பார்த்தேன்.
தெரிவானது எழுந்து நிற்கும் என்றுதான் நினைப்பீர்கள்.
இங்கே மறுவளம்.
ஏழு கால்கள் நிமிர்ந்து நிற்க
அழைக்கப்பட்ட ஒன்று மட்டும் குனிகிறது.
அது குனிந்தால்தான் கதவு திறக்கும்.
இப்போது குனிந்திருந்தது ஐந்து. நான்கு அல்ல.
கடைசிக் கம்பியின் இல்லையை
யாரோ உண்டு என்று கேட்டிருக்கிறார்கள்.

கம்பியின் வழியே விரலை ஓட்டிப் போனேன்.
தவிட்டுத் தூசிக்குள், ஏணியின் மூன்றாம் படிக்குப் பின்னால்
எலியின் பல்.

அறுந்த கம்பி எதையும் சொல்வதில்லை.
உண்டு என்றும் இல்லை,
இல்லை என்றும் இல்லை.
ஆனால் இந்தப் பழைய சாதிச் சிப்புக்கு ஒரு வழக்கம்:
யாரும் பேசாத முனையை
உண்டு என்று படித்துக்கொள்ளும்.
மௌனம் சம்மதம்.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

போன மாதம் இதே அலுவலகத்தில்
என் கூலியில் கால்பங்கை
"அடுத்த போகத்துக்குப் பிறகு தாறம், சரிதானே" என்று
இஸ்ஸதீன் பேரேட்டில் எழுதும்போது
நான் கல்குலேற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சரி என்று வாய் திறந்ததாய் ஞாபகமில்லை.
பேரேட்டில் இருக்கிறது:
ஹம்ஸியா, சம்மதம்.

கம்பியை ஒட்டினேன். ஈயம் மணத்தது.
குலேந்திரன் ஐந்தை அமத்தினார்.
நான்கு குனிந்தது.
ஐந்தாம் தொட்டியின் வெறுந்தகரத்தில்
முதல் பிடி அரிசி கல்லெறிபோல் விழுந்தது.

அதோடு போயிருக்கலாம்.
சிப்புக்கு இன்னொரு கால் உண்டு, அனுமதிக் கால்.
அதில் உண்டு வராதவரை
மூன்று கம்பிகளும் எதைச் சொன்னாலும்
எட்டுக் கதவும் அசையாது.
அந்தக் காலுக்கும் தரைக்கும் நடுவே
சின்னதாய் ஒரு தடை வைத்தேன்.
பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையம்.
இனி அந்தக் கம்பி அறுந்தால்
இல்லை என்றே படிக்கப்படும்.
ஆலை நிற்கட்டும். ஆள் வந்து பார்க்கட்டும்.
எலிக்கு இது மருந்தல்ல,
அதற்கு இன்னும் மூன்று கம்பிகள் இருக்கின்றன.

பில் எழுதினேன்.
கம்பி, ஈயம், தடை ஒன்று, இரவு வேலை.
கீழே, போன மாதத்துக் கால்பங்கு.

இஸ்ஸதீன் இரண்டு தரம் படித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அதை நான் பழைய சிப்பைப்போலப் படித்துக்கொண்டு
கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.