மூட்டையின் பின்புறம்

வில்யா என்றால் எங்கள் மொழியில் தானியம்.
வயிற்றில் இருந்தபோதே வைத்த பெயர்.
ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான்
பக்கத்துப் பண்ணையின் பார்லி கதிர் வாங்கியிருந்தது.
யார் கண்டது.

மூன்று வயதில்
பலூன் வயிறும் குச்சிக் கால்களுமாக
குவோப்பியோ மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம்.
பெயரைக் கூப்பிட்ட நர்ஸ்
கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.
கோதுமை ஆகாது. பார்லி, ரை ஆகாது.
எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.
ஆயுசுக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டோஸ்டரை எறிந்தோம்.
மரக் கரண்டிகளை சவுனா அடுப்பில் போட்டோம்,
ஒரு குளியலுக்கு ஆயிற்று.
யார்க்கோ தன் ரை ரொட்டியைக்
காருக்குள் உட்கார்ந்து தின்னப் பழகினான்,
மைனஸ் இருபதில், கையுறையோடு.
சட்டையை உதறி, வாயைக் கொப்பளித்து
கள்ளத் தொடர்பு வைத்திருப்பவன் மாதிரி
உள்ளே வருவான்.

ஆறு மாதம்.
ரத்தத்தில் அந்த எண் இறங்கவில்லை.
மறுபடி ஊசி, மறுபடி அழுகை.
இறங்கவில்லை.
உணவு ஆலோசகர் ஹில்க்கா பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை, மூன்று பேர்தான் என்றேன்.
யார்க்கோவின் காரை நினைத்துக்கொண்டேன்.
திரும்பும் வழியெல்லாம் அவனோடு பேசவில்லை.

அன்றிரவு பாத்திரம் கழுவுகையில்
காலணி கழற்றும் அறையிலிருந்து
இரண்டு பேர் மெல்லும் சத்தம்.
ஒன்று அவசரம். ஒன்று நிதானம்.

ஹல்லாவின் தட்டுக்கு முன்னால்
குந்தி உட்கார்ந்திருந்தாள் என் மகள்.
அதற்கு ஒன்று, தனக்கு ஒன்று.
எலும்பு வடிவ பிஸ்கட்.
வாழ்நாளில் எதற்கும் காத்திராத நாய்
தன் முறைக்குக் காத்திருந்தது.

மூட்டையைத் திருப்பினேன்.
பொடி எழுத்தில் கோதுமை மாவு.
அதனினும் பொடியாக பார்லி.
ஒரு வருடமாக மாவுத்தூள் தேடியவள்
ரொட்டியைக் கண்டேன், நாயைக் காணவில்லை.

ஏன் தின்றாய் என்றேன்.
எல்லா டப்பாவிலும் என் பேர் ஒட்டியிருக்கும்மா
என்றாள் வில்யா.
இதில் ஒட்டலை.
நாங்க ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு.

நாயை யாருக்காவது கொடுத்துவிடு
என்றாள் தங்கை போனில்.
ஹல்லா என்றால் கோடை இரவில் இறங்கிக்
கதிரைக் கருக்கும் உறைபனி.
முதுகின் சாம்பல் நிறத்துக்காக வைத்தது.
தானியமும் உறைபனியும் ஒரே போர்வையில் தூங்குவதாக
விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.
சரி, பார்க்கலாம் என்று தங்கையிடம் சொன்னேன்.
சொன்னதை யார்க்கோவிடம் சொல்லவில்லை,
இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.
விடிய விடிய
போர்வைக்குள் இரண்டு மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ஹல்லாவுக்கு அரிசியும் சால்மனும்.
மூட்டை விலையில் எனக்கு ஒரு குளிர்காலச் செருப்பு வாங்கலாம்.
நக்கினால் முகம் கழுவு என்பதை விட்டுவிட்டோம்,
நாய்க்கும் பத்தியம் வந்தபின்
நக்கினால் நக்கட்டும்.
தட்டின் அடியில் ஒரு ஸ்டிக்கர், கோணல் எழுத்தில்:
வில்யா.
அவள் பெயர் மட்டும்தான் அவளுக்கு எழுத வரும்.

மார்ச்சில் எண் பாதியானது.
இன்னும் பாதி இருக்கிறது.

நேற்று குப்பை கொட்டப் போனவள் பார்த்தேன்.
காருக்குள் யார்க்கோ, மடியில் ரொட்டி.
பனியில் முன்கால்களைத் தூக்கி
கதவில் ஊன்றி நிற்கிறது ஹல்லா.
அவன் கண்ணாடியை இறக்கவில்லை.
தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.
உள்ளே அவன் மூச்சு, வெளியே அதன் மூச்சு,
ஒரே கண்ணாடியில் இரண்டு பக்கமும்
படிந்துகொண்டிருந்தது.