கணவாயில் மழை

டன்ட்ரூனில் கிளம்பும்போது வெயில்தான்.
நாற்பத்தோரு பைக்குகள்,
எல்லாம் தபால்காரர்கள் ஓட்டிக் கழித்த சிவப்பு வண்டிகள்.
மேடு கண்டால் செம்மறிபோலக் கத்தும்.
ஹோனே தன் ஹெட்லைட்டுக்குக் கீழே மீசை ஒட்டியிருந்தான்.
கசாப்புக்கடை மெர்வின் முதுகில் அட்டை:
'ஐம்பது தாண்டியாச்சா? ரத்தம் பார்த்தாச்சா?'
அதில் புராஸ்டேட்டுக்கு ஒரு எழுத்து அதிகம்.
யாரும் சொல்லவில்லை.

மற்றவர்கள் ஸ்பேனரும் சாண்ட்விச்சும் வைத்திருந்த
தபால் பெட்டியில்
நான் வைத்திருந்தது ஆறு பேடுகள்,
ரொட்டி உறையில் சுற்றி.

மார்ச்சில் அறுத்தார்கள். இது நவம்பர்.
அக்ரூட் அளவுதான் அந்தச் சுரப்பி என்றார் டாக்டர்.
எங்கள் கொல்லையில் அக்ரூட் மரம் உண்டு.
அந்த இலையுதிர்காலம் விழுந்ததை நான் பொறுக்கவில்லை.
நோலீன் பொறுக்கினாள், உடைத்தாள், கேக்கில் போட்டாள்.
இருவரும் ஒன்றும் பேசாமல் தின்றோம்.

புற்றைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்னேன்.
அது வீரக் கதை:
கண்டுபிடித்தார்கள், வெட்டினார்கள், பிழைத்தேன்.
சொட்டுவதைச் சொல்லவில்லை.
இருமினால். தும்மினால்.
கடாவை வேலிக்கு மேல் தூக்கினால்.
அறுபத்துமூன்று வயதில்
பெண்கள் பொருள் அடுக்கின் முன் நின்று
பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கிறவன் நான்,
தெரிந்தவர் யாரும் வந்தால்
பக்கத்து ஷாம்புவைக் கையில் எடுப்பேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
அடுத்தவன் எஞ்சினில் ஒரு சொட்டு கசிந்தால்
நாலு பேர் மண்டியிட்டுப் பார்ப்பார்கள்.
கேஸ்கெட்டா, வாஷரா,
அரைமணி நேரம் வழக்கு நடக்கும்.
ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவனோ
டீ கொஞ்சம் அதிகம் என்பான்,
அத்தோடு சரி.

உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில்
மலை கறுத்தது.
மழை பார்க்க ஏங்குகிற சீமை இது.
அன்று வந்தது, பக்கவாட்டில்,
பனியை உரசிவந்த குளிரோடு.
சரளைப் பாதை களியானது.
ஒவ்வொரு குழிக்கும் வண்டி குலுங்க
வானத்தோடு சேர்ந்து நானும் கொஞ்சம் பெய்தேன்.
பேட் எப்போதோ என்னைக் கைவிட்டிருந்தது.

ஆட்டுப்பட்டி ஓரம் நிறுத்தினோம்.
குனிந்து பார்த்தேன்: முழங்கால் வரை ஈரம்.
நிமிர்ந்து பார்த்தேன்:
அத்தனை பேர் கால்சட்டையும் ஈரம்.
எட்டு மாதத்தில் முதல் தடவையாக
எது எவருடைய நீர் என்று
எனக்கே தெரியவில்லை.
சிரித்தேன்.
சிரித்ததில் இன்னும் கொஞ்சம் போனது.
போகட்டும்.

நேஸ்பி மண்டபத்தில் ஹீட்டருக்கு முன்
வரிசையாக ஆவி பறக்கும் கால்கள்.
தட்டு தட்டாகச் சீஸ் ரோல்.
பேசச் சொன்னான் மெர்வின்.
வீரக் கதைதான் கைவசம் இருந்தது,
வாயில் வந்தது வேறு:
'மழையில் நனைந்தது நாற்பது பேர்.
நான் அதற்கு முன்பே நனைந்திருந்தேன்.'
யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான்.
தகரக் கூரைதான் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு கழிப்பறையில்
என் பக்கத்தில் வந்து நின்றான் கிளாரி,
ஆட்டு லாரி ஓட்டுகிறவன்,
வருடத்துக்குப் பத்து வார்த்தை செலவழிப்பவன்.
ரொம்ப நேரம் நின்றான்.
சத்தமே இல்லை.
சுவரைப் பார்த்தபடி கேட்டான்:
'அந்தச் சோதனை, ரத்தம் மட்டும்தானே?'
'முதலில் ரத்தம்.'
'முதலில் என்றால்?'
'முதலில் என்றால் முதலில்.'
ஜிப்பை இழுத்தான். கை கழுவாமல் போனான்.
வாசலில் திரும்பி
'திங்கட்கிழமை' என்றான்.
எந்தத் திங்கள் என்று நான் கேட்கவில்லை.

வாளியில் சேர்ந்த பணத்தை மெர்வின் எண்ணினான்.
எங்கள் நோட்டுகள் பிளாஸ்டிக்,
துடைத்தால் போதும்.

வெளியே மழை விட்டிருந்தது.
இருக்கைகளில் குட்டை குட்டையாய்த் தண்ணீர்.
பெட்டியைத் திறந்து, ரொட்டி உறையைப் பிரித்து,
ஒரு பேடை எடுத்து
எல்லோர் கண்ணெதிரிலும் என் இருக்கையைத் துடைத்தேன்.
ஹோனே கிட்டே வந்து பார்த்தான்.
'அட, நன்றாக உறிஞ்சுகிறதே.
எனக்கு ஒன்று கொடு.'