ஒற்றை மணி

ஐந்தாவது கடிதமும் வந்துவிட்டது.
மார்ச் முப்பத்தொன்றோடு பழைய அலைவரிசையை
அணைக்கிறார்களாம்.
முதல் நான்கையும் மடித்து
வண்டி ஜன்னலின் இடுக்கில் செருகியிருக்கிறேன்,
காற்று வராமல் இருக்க.

வாக்கனாய் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
இரவு இரண்டு மணிக்கு ஏறினால்
விடியும்போது துறைமுகச் சாலை
கறுப்பாகத் தெரியவேண்டும்.
சட்டைப் பையில் சிவப்பு மடிப்பு போன்.
கீலில் இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று.
கையுறையோடு அமுக்கலாம்.
கோபம் வந்தால் படாரென்று மூடலாம்.
என் கல்யாண வாழ்க்கையின் கடைசி வாக்கியம்
அந்தப் படார்தான்.

தினமும் மூன்று மணிக்கு அது ஒரு தரம் அடிக்கும்.
ஒரே தரம்.
எதிரே ரிஷிரித் தீவில்
தம்பி தொக்குஸோ கடலில் இறங்குகிறான்.
பத்து மணி வாக்கில் இன்னொன்று,
கரையேறிவிட்டான்.
நான் எடுப்பதில்லை.
எடுப்பதற்குள் அவனும் வெட்டிவிடுவான்.
அப்பாவின் படகை விற்ற காசில்
பங்கு கேட்டுவிட்டேன் என்று அவன்,
கேட்கும்படி வைத்துவிட்டானே என்று நான்,
பேச்சு நின்று பதினோரு வருடம்.
மிஸ்டு காலுக்குக் காசும் ஆகாது
மானமும் போகாது.

கடைப் பையன் ஹயாசே
என் போனைக் குடைந்து பார்த்தான்.
"அம்மா, தவறிய அழைப்பு முப்பதும்
ஒரே ஆளிடமிருந்து.
யாராவது தொல்லை கொடுக்கிறார்களா?
புதுசில் தடுத்துவிடட்டுமா?"
"தொல்லைதான்.
தடுக்க வேண்டாம்" என்றேன்.
அதே எண்ணைப் புதுச் சில்லுக்கு மாற்றினான்.
இந்தப் பக்கம் இழுத்தால் எடுக்கும்,
அந்தப் பக்கம் இழுத்தால் வெட்டும்,
மூன்று தரம் செய்து காட்டினான்.
கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது.
மூட ஒரு மூடி இல்லை.

அவனுக்கும் கடிதம் வந்திருக்குமா?
வந்தாலும் பிரித்திருப்பானா?
மின்சாரக் கட்டண உறையையே
தூண்டில் முள் சுற்ற வைத்திருப்பவன்.
கேட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை.
அந்த ஒரு நிமிடத்தைத்தானே
இத்தனை வருடம் இரண்டு பேரும் கட்டிக் காத்தோம்.

ஏப்ரல் முதல் தேதி.
மூன்று மணி.
மூன்று பத்து.
மீன் சந்தை வாசலில் பனியைக் குவித்து
மறுபடி குவித்து
ஏற்கெனவே தள்ளிய இடத்தையே தள்ளிக்கொண்டிருந்தேன்.
போன் செத்ததா, ஆளா?
கடல் இருட்டில் ஒரு விளக்கும் இல்லை.
இருந்தாலும் அது அவனுடையது என்று யார் சொல்வது.

நாலரைக்கு அடித்தது.
ஒரு தரம். அப்பாடா.
இரண்டு.
மூன்று.
வெட்டத் தெரியவில்லை அவனுக்கு!
கையுறையை அது சட்டை செய்யவில்லை.
பல்லால் கடித்து உருவி
ஈர விரலால் இழுத்தேன்.
எந்தப் பக்கம் இழுத்தேனோ.

காற்று இரைந்தது.
ஒரு டீசல் இன்ஜின்.
ஒரு மூச்சு.

"நீ எடுக்கக் கூடாதே" என்றான்.

"கை தவறிவிட்டது."

"எனக்கும்தான். எல்லாம் வழவழவென்று இருக்கிறது."

பிறகு எதுவும் இல்லை.
திரையில் நொடிகள் ஓடின.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
காசு ஆகிக்கொண்டிருந்தது.

"அலை?" என்று கேட்டேன்.

"ஒன்றரை மீட்டர்.
வடமேற்குக் காற்று.
இந்தச் சனியனை எப்படி வைப்பது?"

"சிவப்பாக ஒன்று தெரியும்" என்றேன்.

"இங்கே எதுவும் சிவப்பாக இல்லை."

எனக்குத் தெரிந்தது,
கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே.
வைப்பரைப் போட்டுக்கொண்டேன்.
தள்ளிய சாலையில் மறுபடி பனி விழ ஆரம்பித்திருந்தது.

"எனக்கும் தெரியவில்லை" என்றேன்.